விற்றது விற்றதுதானா?

துணிக்கடை, மளிகைக்கடை, ஆன்லைன், பட்டாசுக்கடை... வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க எங்கே முடியும், எங்கே முடியாது? விருதுநகர் மாவட்டக் கடைவீதிகளை முன்வைத்து ஓர் அலசல்.

சிவகாசி அச்சகங்களில் காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் வேலைகளுக்கு நடுவே ஆண்டு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு வேலை பில் புக். கடைப் பெயர், போன் நம்பர், ஜி.எஸ்.டி. எண் எல்லாம் ஆர்டருக்கு ஆர்டர் மாறும். அடியில் பொடி எழுத்தில் வரும் ஒரு வரி மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை: ‘விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ பழைய பில்லை மாதிரிக்குக் கொடுத்துப் புதிய புத்தகம் அடிக்கும்போது இந்த வரியும் சேர்ந்தே அச்சாகிவிடும். கம்ப்யூட்டர் பில் வந்த பிறகும் அது போகவில்லை. சின்னத் தாளில் இன்னும் சின்ன எழுத்தாக இடம்பிடித்துக்கொண்டது.

வாங்குகிறவர்களும் அதை நம்பிவிட்டார்கள். தையல் பிரிந்த சட்டையோ, சூடாகாத அயர்ன் பாக்ஸோ, “பில்லுலயே போட்டிருக்கே அக்கா” என்று கடைப் பையன் விரலை வைத்துக் காட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால், குறையுள்ள பொருள் விஷயத்தில் அந்த வரிக்கு எந்தச் சட்ட வலுவும் கிடையாது.

சட்டம் சொல்லும் 30 நாள்

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 2(47) பிரிவு முறையற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, அதைத் திரும்பப் பெறவும் பணத்தைக் கொடுக்கவும் மறுப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. எத்தனை நாளுக்குள்? பில்லில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள். எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள். பில் கொடுக்காமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது.

இது திடீரென முளைத்த சிந்தனையும் இல்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடிப்பது தவறு என்று 1999-லேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை மாநில அரசுகளுக்கு எழுதியது. அதற்கும் வெகுகாலம் முன்பு, வெள்ளைக்காரர் காலத்தில் வந்த 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே, சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது. வாங்குபவர் என்ன தேவைக்கு வாங்குகிறார் என்பதைத் தெரிந்தே விற்றால், பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்த 1930 சட்டத்தின் 17-வது பிரிவை விருதுநகர் மொத்த வியாபாரிகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வத்தல், மல்லி, உளுந்து, பாசிப்பயறு என்று மூட்டைக் கணக்கில் கைமாறும் ஊர் அது. மாதிரியைக் காட்டி விலை பேசினால், வந்து இறங்கும் மூட்டையும் அந்த மாதிரி போலவே இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மாதிரி ஒன்றும் சரக்கு வேறுமாக வந்தால் எந்த வியாபாரியும் சும்மா விடமாட்டார். வியாபாரிக்கு வியாபாரி இவ்வளவு கறாராக இருக்கிற ஊரில், ஒற்றைச் சட்டை வாங்குகிறவருக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் கிடைக்காமல் போக வேண்டும்?

குறை வேறு, மனமாற்றம் வேறு

ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பொருளில் குறை இருந்தால் திருப்பிக் கொடுப்பது உரிமை. பொருள் நன்றாக இருந்து, நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், அதே புடவையை நாத்தனாரும் எடுத்துவிட்டார் என்றால், மாற்றித் தருவது கடையின் விருப்பம். கடைகளின் ‘ரிட்டர்ன் பாலிசி’ எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பற்றியவை. அதில் ஒரு கடை தாராளமாகவும் இன்னொரு கடை கறாராகவும் இருக்கலாம். முதல் வகையில் கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டையும் ஒரே வரியில் போட்டு மூடிவிடுவதுதான் இங்கே நடக்கும் அநியாயம்.

மாடி மாடியாக ஜவுளி

தமிழகத்தின் பல மாடி ஜவுளிக்கடைகளின் வரலாற்றில் இந்த மாவட்டத்துக்கு முக்கியமான இடம் உண்டு. போத்தி மூப்பனார் 1923-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கிய துணி வியாபாரம்தான் இன்றைய போத்தீஸ். திண்ணையில் பாய் விரித்து, முகம் தெரிந்தவருக்குத் துணி விற்ற காலத்தில் ரிட்டர்ன் பாலிசி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. “அண்ணாச்சி, சாயம் போகுது” என்று கொண்டுபோய்ப் போட்டால், வேறு துணி கொடுக்காமல் அவரால் அந்தத் தெருவில் கடை நடத்த முடியாது. பல மாடியும் நூற்றுக்கணக்கான ஊழியரும் வந்த பிறகு, அந்த முகப்பழக்கத்தின் இடத்தை எழுதிவைத்த விதி பிடித்தது.

பெரிய ஜவுளிக்கடைகளில் பொதுவாக வழங்கும் விதிகள் இவை: பில் இருக்க வேண்டும், விலை அட்டை கிழிந்திருக்கக் கூடாது, துவைத்திருக்கக் கூடாது. உள்ளாடைக்கு மாற்று கிடையாது. வெட்டிய ரவிக்கைத் துணி, ஃபால்ஸ் தைத்த புடவை, ஆல்டர் செய்த பேன்ட் ஆகியவற்றுக்கும் கிடையாது. மாற்றலாம், ஆனால் பணமாகத் தரமாட்டார்கள், அதே விலைக்கு வேறு துணி எடுக்கச் சொல்வார்கள். தீபாவளி, பொங்கல் கூட்டத்தில் அதுவும் நிறுத்தப்படும். “பண்டிகை முடிஞ்சு வாங்க மதினி” என்பார்கள். பண்டிகைக்கு எடுத்த துணியைப் பண்டிகை முடிந்து மாற்றி என்ன பயன் என்று கேட்பவருக்கு அந்தக் கூட்டத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

தேசிய அளவிலான ரெடிமேட் சங்கிலிக் கடைகளில் நிலைமை கொஞ்சம் மேல். நாள் கணக்கு பில்லிலேயே அச்சாகியிருக்கும். ஒரு கிளையில் வாங்கியதை இன்னொரு ஊர்க் கிளையில் மாற்றும் வசதி சிலவற்றில் உண்டு. அங்கேயும் பணத்துக்குப் பதில் ‘கிரெடிட் நோட்’ சீட்டு கைக்கு வருவது சாதாரணம். அதற்கும் காலாவதி தேதி இருக்கும்.

இந்தச் சீட்டு விஷயத்தில் ஓர் உத்தரவை நினைவில் வைக்கலாம். ஓலா டாக்சியில் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டிய இடத்தில், பிறகு பயன்படுத்திக்கொள்ளும்படி கூப்பன் கொடுத்துவந்தார்கள். கூப்பனா, வங்கிக் கணக்கில் பணமா என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வழி செய்ய வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் உத்தரவிட்டது. துணிக்கடைக்குப் போட்ட உத்தரவு இல்லை என்றாலும், குறையுள்ள பொருளுக்குச் சீட்டை நீட்டும் கடைகள் படிக்க வேண்டிய உத்தரவு.

மளிகையும் பால்கோவாவும்

மளிகை சாமான்களை ஒரே கூரையில் அடுக்கிய டிபார்ட்மென்டல் ஸ்டோர்கள் இப்போது அருப்புக்கோட்டை, ராஜபாளையம், சாத்தூர் எங்கும் வந்துவிட்டன. இங்கே சண்டை குறைவு. வண்டு விழுந்த ரவையையோ, தேதி முடிந்த பாக்கெட்டையோ கொண்டுபோனால் பெரும்பாலும் பேசாமல் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மாதாமாதம் வரும் வாடிக்கையை ஒரு கிலோ ரவைக்காக இழக்க யாருக்கும் மனம் வராது. பல நிறுவனங்கள் சேதமான சரக்கைக் கடையிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்வதால் கடைக்கும் கையைக் கடிக்காது.

தின்பண்டம் தனி ரகம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனிப்பு தூக்கல் என்று அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. புளித்துப்போயிருந்தால் கதை வேறு; அப்போது அது குறையுள்ள பொருள் மட்டுமில்லை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வரும் புகார். உணவுப் பொருள் விற்கும் கடையின் பில்லில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். பில் கேட்டு வாங்க இந்த ஒரு காரணமே போதும்.

ஆன்லைனில் எளிது, ஆனால்...

திருப்பிக் கொடுப்பதை இளைய தலைமுறைக்குப் பழக்கிவிட்டது ஆன்லைன் வியாபாரம்தான். வீட்டுக்கே வந்து எடுத்துப்போகிறார்கள், பணம் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஆனால், விதி பொருளுக்குப் பொருள் மாறும். உடைக்கு ஒரு கெடு, செருப்புக்கு ஒரு கெடு. மின்சாதனங்கள் பலவற்றுக்கு ‘ரீப்ளேஸ்மென்ட்’ மட்டுமே, பணம் கிடையாது. வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும், படிப்பவர்கள்தான் குறைவு.

2020-ல் வந்த மின்வணிக விதிகள் இந்த விஷயத்தில் தெளிவானவை. பொருள் குறையுள்ளதாகவோ, விளம்பரத்தில் காட்டியதற்கு மாறாகவோ, சொன்ன தேதிக்குப் பிந்தியோ வந்தால், அதைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தியத் தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்கள் விற்கப்பட்ட விவகாரத்தில், 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கும்படி 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு மத்திய ஆணையம் உத்தரவிட்டு, 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அதே மாதம் ஃபிளிப்கார்ட்டுக்கு 598 குக்கர்கள் குறித்து இதேபோன்ற உத்தரவு வந்தது.

வெடி மட்டும் ஏன் திரும்பாது?

இனி, இந்த மண்ணுக்கே உரிய சரக்குக்கு வருவோம்.

பட்டாசுக்கு ரிட்டர்ன் கிடையாது என்பது எழுதாத விதி. இதற்குப் பின்னால் நியாயமான காரணங்கள் உண்டு. பட்டாசு விற்க 2008-ம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும். எவ்வளவு சரக்கு வைக்கலாம் என்பது உரிமத்திலேயே இருக்கும். பண்டிகைக்கால தற்காலிகக் கடை என்றால் எரியாத பொருளில் கொட்டகை போட வேண்டும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. இப்படிப்பட்ட இடத்துக்குள், பிரித்த பெட்டியை, யார் வீட்டில் எந்த நிலையில் இருந்தது என்று தெரியாத வெடியை, மறுபடி உள்ளே வைக்கச் சொல்வது ஆபத்து. திரி பிய்ந்திருக்கலாம், மருந்து கசிந்திருக்கலாம். தீபாவளி முடிந்தால் தற்காலிகக் கடையே இருக்காது.

வெளியூர்க்காரர் அனுப்பிவைக்கவும் வழியில்லை. ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் 1989-ம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தபாலிலும் அனுப்பக் கூடாது. ஆகவே, நமத்துப்போன புஸ்வாணப் பெட்டி வாங்கியவர் வீட்டிலேயே கிடக்கும்.

ஆனால், சரக்குத் திரும்ப முடியாது என்பதால் பணமும் திரும்ப வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. சட்டம் குறையுள்ள பொருளுக்குப் பொறுப்பேற்கச் சொல்கிறது. அதில் பட்டாசுக்கு விலக்கு எதுவும் இல்லை. பத்துப் பெட்டி சங்கு சக்கரத்தில் ஒன்றிரண்டு சுற்றாமல் போவதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. மொத்தப் பெட்டியும் ஈரம் கோத்திருந்தால், விலைப்பட்டியலில் இருந்த சரக்கு கிஃப்ட் பாக்ஸில் இல்லாமல் இருந்தால், படத்துடன் புகார் சொல்பவருக்குப் பணத்தைக் கொடுப்பதுதான் முறை. பொருளைக் கேட்காமல் பணத்தைக் கொடுக்கும் வழக்கம் ஆன்லைன் வியாபாரத்தில் குறைந்த விலைப் பொருட்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பட்டாசுக்கு மிகப் பொருத்தமான வழி அதுவே.

இன்னொரு சிக்கல் விலை. பெட்டியில் அச்சடித்த விலை ஒன்று. சாத்தூர் சாலையிலும் திருத்தங்கல் பக்கமும் கடைப் பலகையில் தொங்கும் தள்ளுபடி ‘80 சதவீதம், 90 சதவீதம்’. சரியான பில் இல்லாவிட்டால், தகராறு வரும்போது எந்த விலையைத் திருப்பிக் கேட்பது? கொடுத்த பணம் எவ்வளவோ அது பில்லில் இருக்க வேண்டும்.

ஆன்லைன் பட்டாசு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். மின்வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பசுமைப் பட்டாசு மட்டும், சரவெடிக்குத் தடை என்றதும் அதே தீர்ப்புதான். இருந்தும் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்பு சிவகாசிப் பெயரில் கவர்ச்சியான விலைப்பட்டியல்கள் போனுக்குப் போன் பறக்கின்றன. பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் போலிகளைப் பற்றித் தமிழகக் காவல்துறையின் சைபர் பிரிவு எச்சரித்திருக்கிறது. அங்கே ரிட்டர்ன் பாலிசிக்கே இடமில்லை. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். இந்தப் போலிகளால் ஏமாறுவது வாங்குபவர் மட்டுமில்லை. மருந்து கலந்து, திரி சுற்றி, உயிரைப் பணயம் வைத்து உழைக்கும் ஊரின் பெயரும் கெடுகிறது.

லாரியில் வரவழைக்கும் மொத்தக் கொள்முதலில் பழக்கப்பட்டவர்கள் செய்வது ஒன்று உண்டு: டிரான்ஸ்போர்ட் குடோனிலேயே பெட்டிகளை எண்ணி, நசுங்கியதையும் நனைந்ததையும் ரசீதில் குறித்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்துச் சொன்னால் லாரிக்காரரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

வெடி கையிலேயே வெடித்துக் காயம் ஏற்பட்டால் அது ரிட்டர்ன் பிரச்சினையைத் தாண்டிவிடுகிறது. தயாரிப்பில் குறை என்று நிரூபணமானால் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 2019 சட்டத்தின் ஆறாவது அத்தியாயம். விற்பவரும் சில சூழல்களில் பொறுப்பாவார்.

கடைக்காரரின் கணக்கு

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு நாள் கட்டிவிட்டு, மடித்துக் கொண்டுவந்து “பிடிக்கவில்லை” என்று சொல்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மஞ்சள் கறையும் செண்ட் வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும். சின்னக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கை, வாடிக்கையாளரிடம் திரும்ப வாங்கினால் நஷ்டம் அவர் தலையில்தான் விழும்.

ஆனால், அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு காரணம் நிற்காது. “பில் போட்டாச்சு, ஜி.எஸ்.டி. ஏறிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.” 2017-ம் ஆண்டின் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-வது பிரிவு, திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் போட்டு வரியைச் சரிசெய்துகொள்ள வழி தருகிறது. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அவகாசமும் உண்டு. சரக்குத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தே எழுதிய சட்டம் அது.

தாராளமாக இருந்தால் கடை மூழ்கிவிடுமா? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எல்.எல்.பீன் என்பவர் 1912-ல் தபால் மூலம் விற்ற முதல் 100 ஜோடி பூட்ஸில் 90 ஜோடி தையல் பிரிந்து திரும்பி வந்தன. அத்தனை பேருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, பூட்ஸைத் திருத்தி மறுபடி விற்றார். அந்த நிறுவனம் நூறாண்டுக்கு மேலாக நிற்கிறது. எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம் என்ற அதன் விதியைச் சிலர் பழைய பொருட்களைக் கொண்டுவந்து கொட்டித் தவறாகப் பயன்படுத்தினார்கள். 2018 பிப்ரவரியில் அதை ஓராண்டாகக் குறைத்தது. அப்போதும் கெடுவைக் குறைத்தார்களே தவிர, வாங்க மாட்டோம் என்று சொல்லவில்லை. அமெரிக்கச் சங்கிலிக் கடையான காஸ்ட்கோ பெரும்பாலான பொருட்களுக்குக் கெடுவே வைக்காமல், மின்சாதனங்களுக்கு மட்டும் 90 நாள் என்கிறது. பிரிட்டனில் 2015-ல் வந்த நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். நம் சட்டமும் 30 நாள் என்றுதான் சொல்கிறது. அங்கே வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அது தெரிந்திருக்கிறது. இங்கே பில்லின் அடிவரி அதை மறைத்துவைத்திருக்கிறது.

அந்த அடிவரியை மாற்றுவது செலவில்லாத வேலை. ‘குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் பில்லுடன் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும், அல்லது பணம் தரப்படும்’ என்று அச்சடிக்கலாம். மனமாற்றத்துக்கு எத்தனை நாள், பணமா சீட்டா, எந்தெந்தப் பொருளுக்குக் கிடையாது என்பதைக் கல்லாவுக்கு மேல் தமிழில் பெரிதாக எழுதிவைக்கலாம். பணம் கொடுத்த பிறகு தெரியும் நிபந்தனையை யாரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

எங்கே போவது?

முதலில் கடைக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் படத்துடன் அனுப்பினாலும் அது சான்று. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்கும் மசியாத கடை என்றால், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். குறை தெரிந்த இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, ஆன்லைனிலும் பதியலாம். சென்னைக் கடையிலோ பெங்களூருத் தளத்திலோ வாங்கியிருந்தாலும், குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி. சிவகாசியில் பட்டாசு வாங்கிய கோவைக்காரர் கோவையில் மனு கொடுப்பதும் இதனால்தான் முடிகிறது.

பொருளை மாற்றவும், குறையை நீக்கவும், பணத்தைத் திருப்பவும், இழப்பீடு கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். சட்டையின் விலை 600 ரூபாய்தான் என்றாலும் மனுவை வாங்கிக்கொள்வார்கள். அலைந்த அலைச்சலுக்கும் பட்ட மன உளைச்சலுக்கும் இழப்பீட்டை அந்த மனுவிலேயே சேர்த்துக் கேட்கலாம்.